ஒரு கையெழுத்துதானே என்கிறார்கள்: வீட்டுப் பங்கு, பெண் உரிமை, சமாதானம்

கண்டாங்கி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செட்டிநாட்டுக் கண்டனூரில், நகரத்தார் வீட்டில் பிறந்தவள். 1988 ஆவணியில் காரைக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். போன வருஷம் அப்பச்சி, அதாவது என் அப்பா, தவறிவிட்டார்கள். கண்டனூர் வீடு ஐயா (அப்பச்சியின் அப்பா) கட்டிய வீடு, பங்காளிகள் நான்கு வகையறாவுக்கும் பாத்தியம். எங்கள் கால் பங்கை விலைக்குக் கேட்டு ஓட்டல்காரர் ஒருவர் வந்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். போன வாரம் தம்பி வந்து ஒரு கவரை வைத்து, "ஆச்சி, ஒரு கையெழுத்துதானே, வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க" என்றான். காபி கூடக் குடிக்கவில்லை, அவசரம்.

பிரித்துப் பார்த்தால் விடுதலைப் பத்திரம், என் பங்கு வேண்டாம் என்று எழுதித் தருகிற பத்திரம். "எனக்குச் சேரவேண்டிய சீர்வரிசை முழுவதையும் திருமணத்தின்போதே பெற்றுக்கொண்டுவிட்டபடியால், யாருடைய தூண்டுதலும் இன்றி மனப்பூர்வமாக..." என்று நானே சொல்வதுபோல டைப் அடித்திருக்கிறது. நான் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் என் கடைக்குட்டி, எம்.ஏ. படிக்கிறவள், டிசம்பர் 10 மனித உரிமை நாளுக்குக் கல்லூரியில் பேச எழுதிக்கொண்டிருந்தாள். பெண் உரிமையும் உலக அமைதியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மேசையில் கிடந்த பத்திரத்தை எடுத்துப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "ஆத்தா, இதுல கையெழுத்துப் போட்டுட்டு என் பேச்சைக் கேக்க வந்து முன் வரிசையில உக்காருவியா?" என்றாள். எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

பணம் எனக்கு முக்கியமில்லை என்று எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், ஆனால் அது பொய். முக்கியம்தான். அதைவிட, நான் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றிப் ஆண்கள் கூடுகிற பட்டாலையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, பெண்கள் இருக்கிற இரண்டாங்கட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்புகிற அந்த வழக்கம் இத்தனை வயசுக்கு அப்புறமும் மாறவில்லையே என்பது நெஞ்சில் நிற்கிறது. பெரிய ஆச்சி, அதாவது என் அக்கா, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 1988ல் கல்யாணம் ஆனதால் எனக்குச் சட்டப்படியும் ஒன்றும் இல்லை என்று தம்பி சொல்கிறான். உண்மைதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மாதிரிக் கையெழுத்துப் போட்டவர்கள், போடாதவர்கள் இரண்டு பேருமே எழுதுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது கையெழுத்து வாங்குகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் வீட்டில் எனக்கு மூன்று உடன்பிறந்தாள்கள். மூன்று பேருக்கும் அப்பச்சி செய்ததற்குக் கணக்கு நோட்டு இருக்கிறது. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மரவை, பாய், தடுக்கு வரைக்கும் பட்டியல். அதற்கு வாங்கிய கடனை நான்தான் பதினோரு வருஷம் அடைத்தேன். கல்யாணத்தோடு நிற்கிறதா? பிள்ளை பெற்றால் சீர், பொங்கலுக்குச் சீர், அவர்கள் பிள்ளைகள் கல்யாணத்துக்கு மாமன் சீர். இதெல்லாம் பங்குக்குப் பதிலாகத்தானே நம் பெரியவர்கள் ஏற்படுத்தியது?

இன்னொன்று. நம் வீடுகளில் ஆச்சிமார்களை யாரும் அடக்கி வைத்ததில்லை. சாவிக் கொத்து அவர்கள் இடுப்பில்தான் இருந்தது. ஆம்பிள்ளைகள் மூன்று வருஷக் கணக்குக்குக் கடல் தாண்டிப் போனபோது வீட்டையும் ஊரையும் நிர்வாகம் பண்ணியது யார்? சொத்துப் பேச்சு வந்தால் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகும். குடும்பத்தில் சமாதானம் பெரியது, கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

கோர்ட்டு வாசல்

தொழிலால் வக்கீல். சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறேன். கண்டாங்கி ஆச்சிக்கு முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தம்பி சொல்வது முழுப் பொய் இல்லை, பழைய சட்டம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை என்று திருத்தம் வந்தது. 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அது சட்டமாக 60 வருஷம் ஆனது. அதிலும் ஒரு கொக்கி: அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆன மகளுக்குக் கிடையாது. நீங்கள் அந்தக் கொக்கியில்தான் மாட்டியிருந்தீர்கள். ஆனால் 2005 செப்டம்பர் 9ல் மத்திய சட்டம் திருத்தப்பட்டபோது கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பிரிவே இல்லாமல் போனது. மகள் எந்த வருஷம் கல்யாணம் பண்ணியிருந்தாலும் மகள்தான். தகப்பனார் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா இல்லையா என்றுகூடப் பார்க்க வேண்டாம் என்று 2020 ஆகஸ்ட் 11ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறையாகப் பாகம் பிரித்துப் பதிந்திருந்தால் அதைக் கிளற முடியாது.

வீடு உங்கள் அப்பச்சிக்குத் தனிச் சொத்தாக வந்திருந்தால்? அப்போதும் உயில் இல்லாத பட்சத்தில் 1956 சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோரும் முதல் வகை வாரிசு, சம பங்கு. அந்தச் சட்டத்தில் 23வது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரிக்கிற வரைக்கும் பெண் வாரிசு பிரித்துக் கொடு என்று கேட்க முடியாது. நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள், முப்பது பங்காளிகள் சேர்ந்து எந்தக் காலத்தில் பிரிப்பது? அந்தப் பிரிவையும் 2005ல் எடுத்துவிட்டார்கள். ஆக, உயில் எதுவும் இல்லை என்றால், எப்படிச் சுற்றினாலும் உங்களுக்குப் பங்கு உண்டு. உங்கள் ஆத்தா இருக்கிறார்களா? அவர்களுக்கும் உண்டு. உங்கள் பதிவில் அவர்கள் பேச்சே வரவில்லையே, அதைத்தான் கவனித்தேன்.

ரஸ்தா சாருக்கு ஒன்று. சீர் வேறு, பங்கு வேறு. சீதனம் பெண்ணின் முழு உடைமை, கணவன் வீட்டாருக்குக்கூட அதில் பாத்தியம் கிடையாது என்பது 1985ல் பிரதிபா ராணி வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். வரதட்சணையோ 1961லிருந்து குற்றம். சட்டம் குற்றம் என்று சொல்கிற ஒன்றைக் கொடுத்துவிட்டு, சட்டம் உரிமை என்று சொல்கிற ஒன்றை அதில் கழித்துக்கொள்ள முடியாது.

ஆச்சி, வெள்ளிக்கிழமை போகாதீர்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்துப் பண்ண வருஷக்கணக்கில் அலையவேண்டும், ஏமாற்றியோ கட்டாயப்படுத்தியோ வாங்கினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

பூக்கல்

நான் ஆச்சி இல்லை, பெரிய வீடும் கிடையாது. ஆத்தங்குடிப் பக்கம் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை. ஆனாலும் இதில் எழுதணும் போல இருக்கிறது.

ரஸ்தா சார் சமாதானம் என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை நான் எங்கெல்லாம் கேட்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடித்தபோது, இடது காதுக்குப் பின்னால் மூன்று தையல், நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்தவர் புகாரை வாங்காமல் "சமாதானமாப் போங்கம்மா, பிள்ளைங்க இருக்குல்ல" என்றார். அம்மா வீட்டுக்குப் போனேன், "சமாதானமா இரு" என்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூட்டி வைத்துச் சமாதானம் பேசினார்கள், எனக்கு ஒரு பாய் கூடப் போடவில்லை, தூணோரம் நின்றேன். இந்த எல்லாச் சமாதானத்திலும் நான் மட்டும்தான் விட்டுக்கொடுத்தேன். அவர் எதையும் விடவில்லை, பாட்டிலைக் கூட.

கடைசியில் மகளிர் குழுவில் ஒரு அக்கா பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போட்டுக் கொடுத்தார். அப்புறம்தான் 2005ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் என்று ஒன்று இருப்பதும், வீடு யார் பேரில் இருந்தாலும் என்னை வெளியே தள்ள முடியாது என்பதும், மாவட்டத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருப்பதும் தெரிந்தது. கோர்ட்டில் உத்தரவு வாங்கி அதே வீட்டில்தான் இருக்கிறேன். என் பெண் பத்தாவது முடித்துவிட்டாள்.

பட்டறைக் கதையையும் சொல்கிறேன். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கட்டம் கட்டமாகக் கலர்ப் பால் ஊற்றுவது ஆம்பிள்ளை வேலை என்பார்கள். மண் சலிப்பது, ஊற்றின கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது, எடுத்துக் காயவைத்து அடுக்குவது எங்கள் வேலை. கூலியில் பாதிக்குப் பாதி வித்தியாசம். கொரோனா சமயத்தில் ஆள் வராதபோது நானும் இன்னொரு பிள்ளையும் ஊற்றிப் பழகினோம். கை நடுங்காமல் ஊற்றணும், பச்சை சிவப்புக்குள் ஒரு சொட்டு போனாலும் கல் வீண். இப்போது அவர்கள் ஊற்றுகிற அளவுக்கு நாங்களும் ஊற்றுகிறோம், ஆனால் கூலி ஏறவில்லை. சம வேலைக்குச் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டதாம். நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலிதானே, அங்கே வானம் இடிந்து விழவில்லையே என்று முதலாளியிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். நானும் விடுவதாக இல்லை.

கண்டாங்கி ஆச்சிக்குக் கிடைக்கிறது கிடைக்கட்டும். ஆனால் அந்தப் பெரிய வீடுகளில் இரண்டாங்கட்டுக்கும் பின்னால், கிணற்றடியில் நின்ற எங்கள் அம்மாக்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரங்கூன் பேத்தி

பூக்கல் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அப்பத்தா சொன்ன ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

ஐயா பர்மாவில் மோல்மீனில் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். 1941 டிசம்பர் 23ல் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். தந்தி வந்ததா, ஆள் வந்து சொன்னாரா தெரியாது, எப்படியோ பள்ளத்தூருக்குச் செய்தி வந்திருக்கிறது. அதற்கப்புறம் நாலு மாசம் ஒன்றுமே தெரியவில்லை. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான நம் ஆட்கள் நடந்து வந்தார்கள், காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே போனவர்கள் ஆயிரமாயிரம். ஐயா அரக்கான் பக்கமாக நடந்து சிட்டகாங் வந்து ரயிலேறி, சித்திரையில் ஒரு மத்தியானம் முகப்பில் வந்து நின்றபோது, யாரோ யாசகம் கேட்டு வந்தவர் என்று நினைத்து அப்பத்தா அரிசி எடுக்க உள்ளே போய்விட்டார்களாம்.

அப்பத்தாவுடைய சீதனப் பணம் முழுக்கக் கடையில்தான் வட்டிக்குக் கிடந்தது. பேரேட்டில் அவர்கள் பேரில் தனிப் பற்று வரவு. கடையோடு அதுவும் போயிற்று. அப்புறம் ஏழு உயிர் சாப்பிட்டது அப்பத்தாவின் கழுத்துருவில்தான், கல்யாணத்தில் கட்டுகிற பெரிய தங்கத் தாலி அது. மொத்தமாக விற்கவில்லை. ஒவ்வொரு உருப்படியாகக் கோத்த கயிற்றிலிருந்து கழற்றி ஆசாரியிடம் கொடுத்து அனுப்புவார்கள். எடை எழுதின துண்டுச் சீட்டுகளை ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் இறந்த அப்புறம் நான்தான் அந்த டப்பாவைத் திறந்தேன். பதினாறு சீட்டு. பென்சில் எழுத்து, பாதி அழிந்துவிட்டது.

"அந்தச் சண்டை எதுக்கு வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லலை" என்பார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். உலக அமைதி என்றால் ஏதோ ஐநா சபை விஷயம் என்று நாம் ஒதுக்கி வைக்கிறோம். நம் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடப்பதற்கும் உத்தரமும் தூணும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் விலைக்கு நிற்பதற்கும் ஒரு பெரிய காரணம் அந்த உலகப் போர்தானே. அதைத் தொடங்கியவர்களும் ஆண்கள், முடித்துக் கையெழுத்துப் போட்டவர்களும் ஆண்கள். கழுத்துருவைக் கழற்றியது இவர்கள்.

பெண்கள் கேட்காமல் இருந்தார்கள் என்றும் இல்லை. 1915ல், முதல் போர் நடக்கும்போதே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடிப் போரை நிறுத்துங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். எதிரெதிர் நாட்டுப் பெண்களும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். உள்நாட்டுப் போர் நடந்த ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் 2003ல் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்தி, மீன் சந்தை பக்கத்து மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். பேச்சுவார்த்தை கானா நாட்டில் இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயும் போய், மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து, முடிவு சொல்லாமல் ஒருவரும் வெளியே வரக்கூடாது என்று மறித்தார்கள். அந்த ஆகஸ்டில் உடன்படிக்கை கையெழுத்தானது. முன்னால் நின்ற லேமா குபோவீக்கு 2011ல் நோபல் பரிசு. அதற்கு முன்பே, 2000 அக்டோபரில், அமைதிப் பேச்சில் பெண்கள் இருந்தாக வேண்டும் என்று ஐநா பாதுகாப்பு சபை 1325ஆம் தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் போட்டுவிட்டால் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள் என்று இல்லை, இவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

அவ்வளவு தூரம் கூட வேண்டாம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு 2017லிருந்து ரோட்டோரப் பந்தலில் இருக்கிற அம்மாக்கள் நம் மொழியில்தான் அழுகிறார்கள். பதில் கேட்டே செத்துப்போனவர்கள் அதில் எத்தனை பேர். போர் முடிந்துவிட்டது, சமாதானமாக இருங்கள் என்று அவர்களிடமும் சொல்கிறார்கள்.

தேவகோட்டை ரஸ்தா

பூக்கல் தங்கச்சிக்கு: உங்கள் பதிவைப் படித்தபிறகு அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாக என்னால் எழுத முடியாது. மன்னியுங்கள்.

ஆனாலும் என் கேள்வி ஒன்று நிற்கிறது. வக்கீல் சொல்வது சட்டம். சட்டப்படி பங்கு வாங்கிக்கொண்டு, நாளைக்கு ஆச்சியின் மகள் கல்யாணத்தில் மாமன் மாலை போட யார் வருவார்கள்? அந்த உறவுக்கு எந்தக் கோர்ட்டில் போவது? இதைக் குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே பயமாக இருக்கிறது.

பள்ளத்தூர் டீச்சர்

ஓய்வு பெற்ற ஆசிரியை. ரஸ்தா தம்பிக்கு ஒரு வார்த்தை: உறவு அறுந்துபோகும் என்ற பயம் ஏன் எப்போதும் தங்கைக்கு மட்டும் சொல்லப்படுகிறது? அண்ணன் அல்லவா முதலில் பயப்பட வேண்டும், பத்திரம் எழுதுவதற்கு முன்னால்?

நம் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை மன்னர் கல்லூரியில் சேர்த்துக்கொண்டபோதும் இதே மாதிரித்தான், பையன்கள் கெட்டுப்போவார்கள், ஊர் கெட்டுப்போகும் என்றார்கள். அவர் டாக்டரானார், சென்னை சட்டசபைக்குப் போனார், தேவதாசி முறையை ஒழிக்க நின்றார். அது சட்டமாக 1947 வரை ஆனது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் வைத்தது. ஊர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். 90களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் திருமயம் பக்கம் ராத்திரிப் பள்ளி நடத்தினேன். ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை கலெக்டராக இருந்த நேரம். எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தோம். பொம்பளை சைக்கிள் ஓட்டினால் என்ன ஆகும் என்று அப்போது பேசிய பேச்சு இருக்கிறதே, இன்றைக்குப் படிக்கிற பெண்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கல் குவாரியில் வேலை பார்த்த ஒரு அம்மா, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, முழங்கால் முட்டி முழுக்கச் சிராய்ப்போடு, நாலாவது நாள் கண்மாய்க் கரையில் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வரத் தெரியவில்லை, வளைக்கப் பழகவில்லை. அப்படியே அடுத்த ஊர் வரைக்கும் போய்விட்டார். அங்கிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். வந்து என்னிடம் சொன்னது: "டீச்சர், அந்த ஊருக்கு நான் இதுவரைக்கும் யாரையும் கேக்காமப் போனதே இல்லை." அதே மாவட்டத்தில் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்துப் பெண்கள் குழுக்கள் நடத்தின. கூலிக்குக் கல் உடைத்தவர்கள் கணக்கு எழுதினார்கள்.

கண்டாங்கியின் மகளுக்கு, பேச்சில் சேர்த்துக்கொள்ள ஒன்று. 1948ல் ஐநா மனித உரிமைப் பிரகடனம் எழுதும்போது முதல் பிரிவில் எல்லா ஆண்களும் என்று பொருள்படுகிற சொல்தான் இருந்தது. மனிதர்களைத்தான் அது குறிக்கிறது, பெண்ணும் அதில் அடக்கம் என்று பெரிய பெரியவர்களே சமாதானம் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து போன ஹன்சா மேத்தா ஒத்துக்கொள்ளவில்லை. மனிதப் பிறவிகள் எல்லோரும் என்று மாற்ற வைத்தார். எழுத்தில் இல்லாவிட்டால் நாளைக்கு இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் பத்திரமும் எழுத்துதான் அம்மா. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விடாதீர்கள்.

பூக்கல்

டீச்சர் அம்மா சொன்னது சரி, ஆனால் எழுத்து மட்டும் போதாது. எங்களுக்குப் பக்கத்து ஊராட்சியில் தலைவர் ஒரு பெண். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததில் நின்று ஜெயித்தவர். கூட்டத்துக்கு அவர் வீட்டுக்காரர்தான் வருவார். போன கிராம சபையில் எங்கள் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேர் போய், தலைவர் அம்மா வந்தால்தான் குடிதண்ணீர் பற்றிப் பேசுவோம் என்று உட்கார்ந்துவிட்டோம். முக்கால் மணி நேரம். வந்தார். முதலில் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று அவரே வரிசையாகச் சொன்னார், நாங்கள் கொண்டுபோன பட்டியலில் இல்லாத இரண்டு தெரு உள்பட. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா

நேற்று ராத்திரி தூங்கவில்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எங்கள் கோயில் கணக்கில் கல்யாணமான ஆண் பேரில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு; அவர் போய்விட்டால் மனைவி அரைப்புள்ளி. அது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். என் அப்பச்சி போன பிறகு புள்ளி வரி வாங்க வந்தவர் நோட்டைப் பார்த்து என் ஆத்தாவிடம் "இனி உங்களுக்கு அரைப்புள்ளி ஆச்சி" என்றார். கணக்குக்குத்தான் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். ஆத்தா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயசு, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பர்மாப் போர் பற்றி ரங்கூன் பேத்தி எழுதியதைப் படித்தபோதுதான் அந்த நாள் திரும்ப வந்தது.

மூத்த உடன்பிறந்தாளுக்குப் போன் பண்ணினேன். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்தது ஆச்சி என்று கேட்டேன். அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. நாற்பது நிமிஷம் பேசினோம். இதுவரைக்கும் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

கண்டாங்கி

இரண்டு வாரமாக எழுதவில்லை, மன்னியுங்கள். வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. தம்பிக்குப் போன் பண்ணி, வீட்டில் கூடிப் பேசுவோம், பட்டாலையில் பேசுவோம், நானும் ஆத்தாவும் இருப்போம் என்றேன். நீண்ட நேரம் பதில் இல்லை. பிறகு சரி என்றான்.

போன ஞாயிறு கண்டனூர் போனோம். ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அண்ணன், தம்பி, பங்காளி வீட்டுச் சித்தப்பா, தரகர். நான் போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலிக்கிற மாதிரி இருந்தது, பயம்தான். ஆத்தாவை இரண்டாங்கட்டிலிருந்து நானே கையைப் பிடித்து அழைத்து வந்தேன். எண்பத்தொரு வயசு. நிலைப்படி தாண்டும்போது "நான் எதுக்குடி அங்க?" என்றார்கள். உட்கார்ந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வக்கீல் சார் எழுதியிருந்ததை அச்செடுத்துக் கொண்டு போயிருந்தேன். படித்தேன். அண்ணன் எழுந்து முகப்புக்குப் போய் நின்றுகொண்டார். இந்த வயசில் கோர்ட்டுக்குப் போகிறாயா என்று சித்தப்பா கேட்டார். இல்லை, கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்ல வந்தேன் என்றேன். அப்போது தம்பி, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, ஆத்தா பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க ஆத்தா?" என்று கேட்டான்.

ஆத்தா ரொம்ப நேரம் பூக்கல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சொன்னார்கள், வடபக்கத்து ரெண்டாவது ரூம் எனக்குக் கல்யாணம் ஆன அன்னிக்குக் கொடுத்தது, என் சாமான் எல்லாம் அதுலதான் இருக்கு, நான் இருக்கிற வரைக்கும் விக்க வேண்டாம், போனப்பறம் நாலு பிள்ளைகளும் சமமாப் பிரிச்சுக்கங்க. அவ்வளவுதான். இத்தனை பேச்சு நடந்ததே, அவர்களுக்கு விற்பதில் விருப்பம் இல்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நானும் என் பங்கைப் பற்றித்தான் கேட்டேனே ஒழிய அவர்களைக் கேட்கவில்லை.

அண்ணன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) மட்டும் பின்னால் வந்து என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் காரில் ஏறினார்கள். ஓட்டல்காரருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அண்ணன் இன்னும் போன் எடுக்கவில்லை. தினமும் காலையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகள் பேசினாள். ஹன்சா மேத்தாவையும் சொன்னாள், பதினாறு சீட்டையும் சொன்னாள், ரங்கூன் பேத்தியிடம் அவள் தனியாக அனுமதி கேட்டிருந்தாள். நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்தேன்.

கோர்ட்டு வாசல் அண்ணனிடம் ஒரு கேள்வி. ஆத்தா சொன்னதை உயிலாக எழுதி வைக்கலாமா? வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் போட வேண்டும்? பெரிய ஆச்சி போட்ட கையெழுத்தை என்ன செய்வது?

கோர்ட்டு வாசல்

ஆத்தா தன் பங்குக்கு மட்டும் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். பதியவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பதிந்துவிடுங்கள். வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போடுங்கள். பெரிய ஆச்சியின் பத்திரம் பதிவாகிவிட்டதா, அல்லது கையெழுத்து வாங்கி வீட்டில்தான் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பதியவில்லை என்றால் அவ்வளவு கவலை வேண்டாம். நகல் கிடைத்தால் திங்கட்கிழமை எடுத்து வாருங்கள், பெரிய ஆச்சியையும் அழைத்து வாருங்கள்.